குடியிருப்பில் பூனைகள் பெருகிவிட்டன: பிடித்துக் கொண்டுபோய் விடுவதா, கருத்தடை செய்து அங்கேயே விடுவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கார் நிறுத்துமிடத்தில் 20 பூனைகளுக்கு மேல், எப்போது பார்த்தாலும் எங்காவது ஒரு மூலையில் புதுக் குட்டிகள். ஆள் வைத்துப் பிடித்து ஏதாவது மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்று சங்கத்தில் பேச்சு, அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள். ஒருவர் மட்டும் கருத்தடை ஆபரேஷன் செய்து அதே இடத்தில் திரும்ப விடலாம் என்கிறார். அதே இடத்தில் விட்டால் தொல்லை அப்படியேதானே இருக்கும், இதில் என்ன பயன் என்பது உங்கள் சந்தேகம்.

பயன் இருக்கிறது, ஆனால் முழுதாகச் செய்தால் மட்டும். அரைகுறையாக நாலு பூனைக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் பணமும் போகும், எண்ணிக்கையும் குறையாது, அப்புறம் "பார்த்தீர்களா, இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று சொல்ல ஆள் வந்துவிடும். நான் சொல்ல வருவதில் முக்கியமான விஷயமே இதுதான், கீழே விவரமாக வருகிறேன்.

முதலில் அந்த மீன் மார்க்கெட் யோசனையைப் பார்த்துவிடலாம். இது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். சாக்கில் போட்டுக் கட்டி, இரண்டு ஏரியா தள்ளி அவிழ்த்துவிட்டு வருவது. மீன் இருக்கிற இடம், பிழைத்துக்கொள்ளும் என்று மனசுக்கு ஒரு சமாதானம். ஆனால் அங்கே ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன, ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் ஒன்று இடம் பிடித்து வைத்திருக்கும். புதிதாக வந்து விழுகிற பூனைக்கு எங்கே ஒளிவது, எந்த நேரம் எங்கே தண்ணீர், எந்த நாய் துரத்தும் என்று எதுவும் தெரியாது. அடி வாங்கும், பட்டினி கிடக்கும், வந்த வழியே திரும்பப் போகப் பார்த்து சாலையில் வண்டியில் மாட்டும். பால் குடிக்கிற குட்டிகள் இருக்கிற தாயைப் பிடித்துக்கொண்டு போனால் இங்கே குட்டிகள் ஏதாவது ஒரு பரணிலோ லிஃப்ட் குழிக்குப் பக்கத்திலோ செத்து, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

சரி, இரக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கு மட்டும் பார்ப்போம் என்று சங்கத்தில் யாராவது சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. பூனைகள் உங்கள் காம்பவுண்டில் இருப்பதற்குக் காரணம் அங்கே சாப்பாடும் ஒளிய இடமும் இருப்பதுதான். குப்பைத் தொட்டி, மிச்சச் சோறு வைக்கிற இரண்டு மூன்று வீடுகள், காருக்கு அடியில் நிழல். பூனையை எடுத்துவிட்டால் இவையெல்லாம் காலியாக, போட்டியில்லாமல் கிடக்கும். பிடிபடாமல் தப்பிய இரண்டு மூன்று பூனைகள் நன்றாகச் சாப்பிட்டு, குட்டிகள் அதிகமாகப் பிழைக்கும், பக்கத்துத் தெருவிலிருந்தும் புதியவை உள்ளே வரும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் காட்டுப் பகுதிகள் இரண்டில் பூனைகளைச் சிறிய அளவில் தொடர்ந்து பிடித்து அகற்றிப் பார்த்தார்கள். கேமரா வைத்து எண்ணினால், அகற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே ஓர் இடத்தில் சராசரியாக 75 சதவீதமும் இன்னோர் இடத்தில் 211 சதவீதமும் கூடியிருந்தன. பெரிய பூனைகள் போனதும் வெளியிலிருந்து மற்றவை வந்து நிரப்பியதுதான் காரணமாக இருக்கும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். சுற்றிலும் கடல் இருக்கிற தீவில் கடைசிப் பூனை வரை பிடிக்க முடியும். நான்கு பக்கமும் தெரு இருக்கிற குடியிருப்பில் அது நடக்காது.

சட்டமும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது குற்றம். விஷம் வைத்தாலோ கொன்றாலோ, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. 2023-இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த வளாகத்தில் வாழும் சமூக விலங்குகளுக்கு, அதாவது யாருக்கும் சொந்தமில்லாத விலங்குகளுக்கு, சாப்பாடு வைக்க ஏற்பாடு செய்வதே குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் இவற்றிலிருந்து தள்ளி இடம் குறிக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இதைக் கூட்டத்தில் மிரட்டலாகச் சொல்லாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். பெரும்பாலான சங்கச் செயலாளர்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

இப்போது கருத்தடைக்கு வருவோம். பெண் பூனை நாலு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடும், அதாவது நாம் குட்டி என்று நினைத்துக்கொண்டிருப்பதே சினையாக இருக்கும். சினைக்காலம் சுமார் 63 நாள்தான். ஓர் ஈற்றில் நாலு குட்டி சாதாரணம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். குளிர் நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வராது. நம் பக்கம் பகலின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை, அதனால் இங்கே ஆண்டு முழுக்கக் குட்டிதான்.

ஒரு ஜோடிப் பூனை ஏழு வருடத்தில் லட்சக்கணக்கில் பெருகும் என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. தயவுசெய்து அதைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், அது உண்மையல்ல. உண்மை வேறு மாதிரி கொடுமையானது. அமெரிக்காவில் வட கரோலினாவில் தெருப் பூனைகளின் 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஆறு மாதம் ஆவதற்குள் 127 குட்டிகள் இறந்துவிட்டன அல்லது காணாமல் போய்விட்டன. நாலில் மூன்று. உங்கள் கார் நிறுத்துமிடத்திலும் இதேதான் நடந்துகொண்டிருக்கும். பிறக்கும் எல்லாம் பிழைப்பதில்லை என்பதால்தான் 20 என்பது 200 ஆகாமல் இருக்கிறது. டயருக்கு அடியில் நசுங்குவதும், கண் ஒட்டிப்போய் சளி முற்றிச் சாவதும்தான் இப்போது உங்கள் குடியிருப்பின் எண்ணிக்கைக் கட்டுப்பாடு. என்னைப் பொறுத்தவரை கருத்தடைக்கான முதல் காரணம் இதுவே. எண்ணிக்கை குறைகிறதோ இல்லையோ, இந்தச் சாவுகள் நின்றுபோகும்.

எண்ணிக்கையும் குறையும். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், மத்திய புளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 1991-இல் தொடங்கிப் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, மனிதரோடு பழகக்கூடியவற்றை வீடுகளுக்குக் கொடுத்து, மற்றவற்றை அங்கேயே விட்டுப் பராமரித்தார்கள். 11 ஆண்டில் மொத்தம் 155 பூனைகள் கணக்கில் வந்தன, ஏறக்குறைய பாதிக்கு வீடு கிடைத்தது. 1995-க்குப் பிறகு அந்த வளாகத்தில் குட்டியே பிறக்கவில்லை. முழுமையாகக் கணக்கெடுத்த 1996-இல் 68 இருந்தது, 2002-இல் 23 ஆனது. மாசசூசெட்ஸில் நியூபரிபோர்ட் என்ற துறைமுக ஊரில் 1992-இல் ஆற்றங்கரையில் 300 பூனைகள் போல இருந்தன, 2009-இல் அந்தக் கூட்டத்தின் கடைசிப் பூனையும் வயதாகிப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பாருங்கள், அதற்கு 17 வருடம் ஆகியிருக்கிறது. ஆறு மாதத்தில் பூனையே இல்லாத வளாகம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். குட்டி பிறப்பது சில மாதங்களில் நிற்கும், கத்தலும் சண்டையும் சில வாரங்களில் குறையும், எண்ணிக்கை வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

இனி முன்பே சொன்ன நிபந்தனை. இஸ்ரேலில் ரிஷோன் லெட்ஸியோன் என்ற நகரத்தில் 12 ஆண்டு ஓர் ஆய்வு நடத்தி 2022-இல் வெளியிட்டார்கள். முதல் நாலு வருடம் ஒன்றும் செய்யாமல் எண்ண மட்டும் செய்தார்கள். அடுத்த நாலு வருடம் நகரத்தின் பாதிப் பகுதிகளில் மட்டும் தீவிரமாகக் கருத்தடை, எண்ணிக்கை குறையவில்லை. செய்யாத பகுதிகளிலிருந்து கருத்தடை ஆகாத பூனைகள் வந்துகொண்டே இருந்தன. கடைசி நாலு வருடம் விட்டுப்போன இடமில்லாமல் எல்லாப் பகுதிகளிலும் செய்து, 70 சதவீதத்துக்கு மேல் கருத்தடை ஆன நிலையைத் தக்கவைத்தபோதுதான் ஆண்டுக்கு சுமார் 7 சதவீதம் குறையத் தொடங்கியது. அதிலும் ஒரு சிக்கலை அவர்கள் மறைக்கவில்லை: பூனைகள் குறைந்ததால் பிறக்கிற கொஞ்சம் குட்டிகள் முன்பைவிட நன்றாகப் பிழைத்தன. அதாவது விட்டுவைத்த ஒவ்வொரு பெண் பூனையும் நாம் செய்த வேலையை அழித்துக்கொண்டிருக்கும்.

இதிலிருந்து உங்கள் காம்பவுண்டுக்குக் கிடைக்கிற பாடம், பத்து இடத்தில் ரெண்டு ரெண்டு பூனைக்குச் செய்யாமல் ஓர் இடத்தை எடுத்து முழுதாக முடிக்க வேண்டும் என்பது. 20 பூனை என்றால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் 20-க்கும். முதலில் பெண் பூனைகள். ஒரு கடுவன் மட்டும் மிஞ்சினாலும் அத்தனை பெட்டைகளுக்கும் அது ஒன்றே போதும், அதனால் கடுவன்களைப் பிடித்துவிட்டோம் என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. முடிந்தால் பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுவர் ஏறிக் குதிப்பதற்குப் பூனைக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

வேலையை எப்படித் தொடங்குவது? கூண்டு வாங்குவதற்கு முன்னால் டாக்டரைப் பேசி முடியுங்கள். தெருப் பூனையை ஆபரேஷன் செய்யச் சம்மதிக்கிற, ஒரு நாளைக்கு நாலைந்து எடுத்துக்கொள்கிற, மயக்கம் தெளிந்த பிறகு வைத்திருக்க இடம் இருக்கிற ஒருவர் வேண்டும். தனியார் கிளினிக்கில் செலவு அதிகம் என்றால் அரசு கால்நடை மருத்துவமனையிலும், வேப்பேரியில் இருக்கிற சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், விலங்கு நல அமைப்புகளிடமும் விசாரியுங்கள். நாய்களுக்கான கருத்தடையில் இந்த ஊருக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1860 வாக்கிலிருந்து சென்னை மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது, நாய் குறையவில்லை. புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலிருந்தே வேறு வழி சொல்லிக்கொண்டிருந்து, 1996-இல்தான் மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. பூனைக்கு அந்தக் கவனம் இன்னும் கிடைக்கவில்லை, அதனால்தான் நீங்களும் நானும் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்து, சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். இப்போது ஆளாளுக்கு நினைத்த நேரத்தில் வைப்பார்கள். ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு வாரத்தில் எல்லாப் பூனையும் அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். அப்போது போன் கேமராவில் ஒவ்வொன்றையும் எடுத்து, நிறம், அடையாளம், ஆணா பெண்ணா, சினையா, காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து பால் கொடுக்கிற மாதிரி இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நிறம் கலந்த பூனை என்றால் கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். இந்தப் பட்டியல் இல்லாமல் இறங்கினால் பிடித்த பூனையையே திரும்பப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

பிடிக்கிற நாளுக்கு முந்தைய வேளை சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். மிதித்தால் கதவு மூடிக்கொள்கிற கூண்டுக்குள், கடைசியில், வறுத்த மத்தியோ நெத்திலிக் கருவாடோ வைத்தால் வாசனைக்கு வரும். பூனை உள்ளே போய்க் கதவு விழுந்த நொடியில் பழைய பெட்ஷீட்டைக் கூண்டின் மேல் போட்டு மூடிவிடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். வெறும் கையால் பிடிக்க யாரையும் விடாதீர்கள், கூண்டை வெயிலில் வைக்காதீர்கள், டிக்கியில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். கூண்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவதும் கூடாது, பத்தடி தள்ளி யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆபரேஷனின்போதே வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியும் போடச் சொல்லுங்கள். தையல் தானாகக் கரைகிற நூலாக இருக்கட்டும், தெருப் பூனையைத் தையல் பிரிக்க இரண்டாவது முறை பிடிக்க முடியாது. மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டிவிடுவார்கள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், காதை வெட்டுவதா என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த அடையாளம் இல்லாவிட்டால் ஏற்கெனவே ஆபரேஷன் ஆன பெண் பூனையை இன்னொருவர் பிடித்துப் போய், மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியவரும். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற அடையாளம் அது ஒன்றுதான். கடுவனை முழுதாகத் தெளிந்த பிறகு மறுநாள் விடலாம், பெட்டையை இரண்டு மூன்று நாள் நிழலான, காற்றோட்டமான அறையில் வைத்திருந்து விடுங்கள். எடுத்த அதே இடத்தில் விட வேண்டும், "பின்பக்கம் வசதியாக இருக்குமே" என்று மாற்றாதீர்கள். வலிக்கிறதே என்று நம் வீட்டு பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

பால் கொடுக்கிற தாய் கூண்டில் விழுந்தால் முதலில் குட்டிகள் எங்கே என்று தேடுங்கள். ஐந்தாறு வாரம் பொறுத்து, குட்டிகள் தானாகச் சாப்பிடத் தொடங்கியதும் தாயை அழைத்துப் போவது நல்லது. அந்த வயதுக் குட்டிகள் மனிதரோடு சீக்கிரம் பழகும், வீடு தேட ஏற்ற நேரமும் அதுதான். நிறைமாதச் சினை என்றால் ஓர் அறையில் வைத்து ஈன்ற பிறகு பார்க்கலாம். ஆரம்பச் சினையில் பல டாக்டர்கள் ஆபரேஷன் செய்வார்கள், கரு கலைந்துவிடும். இது மனசுக்குக் கஷ்டமான இடம். நாலில் மூன்று சாகிற தெருவில் இன்னும் நாலு குட்டியைப் பிறக்கவிடுவதைவிட இது மேல் என்று நான் நினைக்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

மாத்திரை கொடுத்து நிறுத்த முடியாதா என்று யாராவது கேட்பார்கள். ஹார்மோன் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து வைப்பது நடக்கிறதுதான். தொடர்ந்து கொடுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும், மடியில் கட்டி வருவதும் அதிகம். தெருவில் எந்தப் பூனை எத்தனை மாத்திரை தின்றது என்றும் யாருக்கும் தெரியாது. வேண்டாம்.

கூட்டத்தில் நோய் பற்றிக் கட்டாயம் பேச்சு வரும், கர்ப்பிணிகள் இருக்கிற வீடு என்றால், பூனை மலம் வழியாகத் தொற்றிக் கருவில் இருக்கிற குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பற்றிப் பயப்படுவார்கள். பயத்தைத் தள்ளிவிடாமல் விளக்குங்கள். பெரும்பாலும் பூனை முதல்முறை அந்தக் கிருமியைப் பெறும்போது மட்டும், ஓரிரு வாரங்கள் மலத்தில் வெளியேற்றும், அந்த மலமும் ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும். முதல்முறை தொற்றுவது பெரும்பாலும் இளம் பூனைகளுக்கு. புதுக் குட்டிகள் பிறப்பது நின்றால் இந்த ஆபத்தும் குறையும். கர்ப்பிணிகள் மண்ணில் வேலை செய்தால் கையுறை, கீரை காய்களை நன்றாகக் கழுவுவது, அரைவேக்காட்டு இறைச்சியைத் தவிர்ப்பது, இவை பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டியவை. பூனை கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும், நாய்க்கடி மாதிரியே.

எலி வாதத்தையும் எடுக்காதீர்கள். பூனை போனால் எலி வரும் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வோம். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கிடங்கில் 79 நாள் கேமராவில் பார்த்ததில் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. பெருச்சாளியோடு மோத பூனைக்கு அவ்வளவு விருப்பமில்லை. நம் பக்கம் பேசுகிறது என்பதற்காக ஆதாரம் குறைவான ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

பறவைகளைப் பற்றிச் சொல்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் ஒரு கணக்கீடு வந்தது, அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகள். பறவைகள் தரையில் முட்டையிடும் தீவுகளிலும், சரணாலயங்களை ஒட்டியும் பூனைகளைத் திரும்ப விடக்கூடாது என்றே நானும் சொல்வேன். உங்கள் கார் நிறுத்துமிடம் அப்படிப்பட்ட இடமில்லை. அங்கே பூனைகள் குறைய வேண்டும் என்று நினைக்கிற பறவைப் பிரியர்கள்தான் இந்த வேலைக்கு முதலில் கை கொடுக்க வேண்டும்.

ரோம் நகரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் முடிந்த பிறகு வருகிற தொல்லை அங்கே தெரிகிறது. இத்தாலியில் 1991-இல் வந்த சட்டப்படி தெருப் பூனைகளைக் கொல்லக்கூடாது, கருத்தடை செய்து விட வேண்டும். பத்து ஆண்டில் ரோமில் கிட்டத்தட்ட 8000 பூனைகளுக்குச் செய்தார்கள். எண்ணிக்கை பொதுவாகக் குறைந்தது, ஆனாலும் மக்கள் கொண்டுவந்து விட்டுப்போவதாலும் தானாக வந்து சேர்வதாலும் 21 சதவீதம் போலப் புதுப் பூனைகள் உள்ளே வந்தன. பூனைக்குச் சாப்பாடு வைக்கிற இடம் என்று பெயர் வந்துவிட்டால் உங்கள் வாசலிலும் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போவார்கள். காவலாளியிடம் சொல்லி வையுங்கள், கேமராவை வாசல் பக்கம் திருப்புங்கள். காது முழுதாக இருக்கிற புதுப் பூனை கண்ணில் பட்டால் அந்த வாரமே பிடிக்க ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். கூண்டு ஒன்று சங்கத்தின் சொத்தாக அங்கேயே இருக்கட்டும். குடியிருப்பிலேயே பூனை வளர்த்து வெளியே உலாவ விடுகிற வீடுகள் இருந்தால் அந்தப் பூனைகளுக்கும் ஆபரேஷன் ஆகியிருக்க வேண்டும், இதைச் சொல்லச் சங்கடப்படாதீர்கள்.

செலவு பற்றி: பூனைப் பிரியர்கள் நாலு பேர் மட்டும் தலையில் போட்டுக்கொண்டால் பாதியில் நின்றுவிடும், பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். பிடித்து விடுகிற ஆளுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இதில் போடச் சொல்லுங்கள், மிச்சத்தை வீடு வாரியாகப் பிரித்தால் பெரிதாக வராது. ஆள் வைத்துப் பிடிக்கிற செலவு வருடா வருடம் வரும் என்பதையும் பொருளாளரிடம் சொல்லுங்கள், அவருக்கு இது சட்டென்று புரியும்.

கூட்டம் அடுத்த மாதம்தான் என்று அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குபடுத்தவும் பட்டியல் எழுதவும் டாக்டரிடம் தேதி பேசவும் யாருடைய தீர்மானமும் தேவையில்லை. எத்தனை பெட்டை, எத்தனை சினை, மொத்தம் எவ்வளவு ஆகும், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எதிர்ப்பக்கத்தில் பேசுகிறவர்களிடம் அப்படி ஒரு தாள் இருக்காது.